மாமாவின் 70வது பிறந்தநாளுக்கு போனி எம்: எந்தப் பாட்டு எடுக்கலாம்?

காக்ஸ்டவுன்காரன்:
அடுத்த மாதம் எங்கள் மாமாவுக்கு 70 முடிகிறது. பெங்களூர் ஃபிரேசர் டவுனில் சின்னதாக ஒரு ஹால் பேசியிருக்கிறோம். மாமா போனி எம் பைத்தியம், அதுதான் அந்த 70களின் டிஸ்கோ குழு. மற்ற கேசட்டை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார், அவர்களுடையதை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுவார். டிஜே வேண்டாம், நாமே பாடலாம் என்று முடிவு. கையில் இருப்பது ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், சர்ச் கொயரில் பாடும் என் தங்கைகள் இரண்டு பேர், கட்டைக் குரலில் பாடும் நண்பன் ஒருவன். நாலு பாட்டு போதும். எதை எடுக்கலாம்?

இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. குழுவில் அந்த ஆட்டம் ஆடும் பாபி ஃபாரல் ரெக்கார்டில் பாடவே இல்லை என்று என் தம்பி சாப்பிடும்போது சொல்லிவிட்டான். அதிலிருந்து மாமா அவனோடு பேசுவதில்லை. யார் சொல்வது சரி?

பழையரெக்கார்டு:
தம்பி சொன்னதுதான் சரி. ரெக்கார்டில் கேட்கும் அந்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. மேற்கு ஜெர்மனிக்காரர். 1975இல் ‘பேபி டூ யூ வான்னா பம்ப்’ பாட்டில் கட்டைக் குரல், கீச்சுக் குரல் இரண்டையும் அவரே பாடி, போனி எம் என்று பெயர் போட்டு வெளியிட்டார். அப்போது குழு என்று ஒன்றே கிடையாது. பாட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் மேடைக்கு ஆள் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் அரூபா தீவில் பிறந்த பாபி. மெய்ஸி வில்லியம்ஸும் ரெக்கார்டில் பாடவில்லை. லிஸ் மிட்செல், மார்ஷியா பாரட் குரல்கள் மட்டும் அசல்.

மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நம் சினிமாவில் ஹீரோ வாயசைக்க, வேறொருவர் பாடுகிறார். அதை மோசடி என்று யாராவது சொல்கிறோமா? ஆட்டம் முழுக்க பாபியுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஃபாரியன் பிற்பாடு மில்லி வனில்லி என்ற பாப் ஜோடியை வைத்து இதே வேலையைச் செய்து மாட்டிக்கொண்டார். 1990இல் அவர்களுடைய கிராமி விருதே பறிபோனது.

அல்சூர்_ஆல்டோ:
கொயர் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்புறம் என்ன கவலை? முதலில் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. வரிகள் பெரும்பாலும் பைபிளின் 137ஆம் சங்கீதம், தங்கைகளுக்குப் பாதி மனப்பாடமாகவே இருக்கும். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடியது அது. போனி எம் 1978இல் பாடி, இங்கிலாந்தில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆரம்பத்தில் வரும் ஹம்மிங்கைத் தயவுசெய்து கீபோர்டில் வாசித்துவிடாதீர்கள். தொண்டையிலிருந்து வரணும். எங்கள் கொயரில் ரிதம் பேடை நிறுத்திவிட்டுக் கைதட்டல் மட்டும் வைத்தோம், நன்றாக எடுபட்டது.

அடுத்து ‘பிரவுன் கேர்ள் இன் தி ரிங்’. அதே ரெக்கார்டின் மறுபக்கம். முதல் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட, அதே தட்டு மறுபடி ஏறி 2ஆம் இடத்துக்கு வந்தது. குழந்தைகள் வட்டமாக நின்று விளையாடும் பாட்டு என்பதால் ஹாலில் இருக்கும் வாண்டுகளை நடுவில் இறக்கிவிடலாம்.

‘டாடி கூல்’ இல்லாமல் முடியாது. வார்த்தை கொஞ்சம்தான், எல்லாரும் சேர்ந்து கத்தலாம். பேஸ் மட்டும் இடது கையில் உறுதியாக நிற்கணும். கீபோர்டில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்கோ ரிதத்தைத் தட்டிவிட்டால் அது வேறு பாட்டாகிவிடும்.

‘ரஸ்புதின்’ வேண்டாம் என்பேன். உங்கள் நண்பருக்கு மூச்சு முட்டும், நடுவில் வசனம் வேறு. பாட்டு ரஷ்ய ஜார் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த ரஸ்புதின் என்ற சாமியாரைப் பற்றியது; அதில் சொல்வதுபோல ஜார் அரசியோடு அவருக்குத் தொடர்பு என்பதற்குச் சரித்திர ஆதாரமும் கிடையாது. அது கிடக்கட்டும், பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டு பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது அந்த வரிகளா? ‘மா பேக்கர்’ எடுங்கள். துனிசியா நாட்டுப்பாட்டு மெட்டு, கொள்ளைக்காரி கதை. ஆரம்பத்தில் வரும் மிரட்டல் வசனத்தை உங்கள் அத்தையிடம் கொடுங்கள்.

டெக்கான்_டிஸ்கோ:
ஸ்வீடன் குழு ஆபாவின் பாட்டைப் பாடினால் என்ன? மெட்டு இதைவிட நூறு மடங்கு மேல்.

காக்ஸ்டவுன்காரன்:
மாமா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், ஐயா.

பழையரெக்கார்டு:
ரஸ்புதினை விலக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1978 டிசம்பரில் மாஸ்கோவில் பாடப் போனபோதும் அந்த ஒரு பாட்டைத்தான் பாடாமல் விட்டார்கள். அக்காவும் அந்தக் கட்சிதான் போல! பாபி இறந்தது 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹோட்டல் அறையில். ரஸ்புதினைக் கொன்றதும் அதே ஊரில், 1916இல், இன்றைய காலண்டர்படி அதே தேதியில். இந்தச் சேதியைத் தம்பியே போய் மாமாவிடம் சொல்லட்டும், பேச்சு வந்துவிடும்.

காக்ஸ்டவுன்காரன்:
அக்கா சொன்ன நாலையும் பாடுகிறோம். ரஸ்புதினுக்கு ரெக்கார்டையே போட்டுவிட்டு ஆடுகிறோம், பாபி வழியில். கீபோர்டு வாசிப்பவர் ‘மேரிஸ் பாய் சைல்ட்’ வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். அது கிறிஸ்துமஸ் பாட்டு, நம் விழா அக்டோபரில்!

அல்சூர்_ஆல்டோ:
அவரை டிசம்பரில் எங்கள் கொயருக்கு அனுப்பிவையுங்கள், ஆள் தேவை. அப்புறம், ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாகணும். ஏழரைக்கே ஆரம்பித்துவிடுங்கள், கேக் பிறகு வெட்டலாம்.