கொய்யாக் கிளையில் தொங்கிய கூடு

தாண்டிக்குடியில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரம். போன வருஷம் கவாத்து செய்தபோது, வெட்டிப் போட்ட கிளையில் காய்ந்த இலை ஒன்று மட்டும் உதிராமல் தொங்கியது. இழுத்தேன், வரவில்லை. இலைக்காம்பையும் கிளையையும் சேர்த்துப் பழுப்பு நூலால் இறுகச் சுற்றியிருந்தது, கையில் கனத்தது. தெரியாமல் வெட்டிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை, கிளையோடு கொண்டுவந்து திண்ணைக் கம்பியில் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, கூட்டைப் பிடித்தபடி ஈரமாக, கசங்கிய துணி மாதிரி தொங்கியது பூச்சி. இறக்கை விரிந்து காய்ந்த பிறகு என் சாணுக்கு மேலேயே இருந்தது. அம்மா "பாம்புடா, தள்ளி நில்லு" என்றார்கள். இறக்கை நுனி அசல் பாம்புத் தலைதான், கண் மாதிரி கறுப்புப் புள்ளியோடு. அட்லஸ் அந்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்ற இனம், இலங்கையின் பழைய பெயரான தப்ரபேனிலிருந்து வந்த பெயர். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் இறக்கையிலும் செதிலே இல்லாத முக்கோணக் கண்ணாடி, அது வழியாகச் சுவரின் நீலச் சுண்ணாம்பு தெரிந்தது.

மகள் மூடியில் தேன்தண்ணீர் வைத்தாள், பாவம். இதற்குத் தின்ன வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் மொத்தச் சாப்பாடும், ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம். அதனால்தான் பெண் பூச்சி வீணாகப் பறக்காமல் கூட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசனையை விடுகிறது, ஆண்தான் தேடி அலைகிறது. அந்தக் கொஞ்ச பலத்தையும் ஆண் நம் வாசல் பல்பைச் சுற்றியே தீர்த்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு ராத்திரி யாரும் வரவில்லை. மூன்றாம் ராத்திரி திண்ணை லைட்டை அணைத்தோம், அம்மா முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

விடிந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் சின்னது, சீப்பு மாதிரி அகலமான உணர்கொம்போடு. சாயங்காலம் வரை இரண்டும் ஒட்டியே இருந்தன. அப்புறம் கம்பியிலும் கூட்டிலும் கடுகை விடக் கொஞ்சம் பெரிய முட்டைகள். ஐந்தாறு நாளில் தாய் தரையில் கிடந்தது.

முட்டைகளைக் கொய்யா இலையில் வைத்து, கிளையைச் சுற்றி வலை கட்டினேன். பத்து நாள் போல ஆனதும் பொரிந்தன. பெரிதானபோது மாவு தூவிய மாதிரி வெளிர்பச்சைப் புழுக்கள், மரத்தில் பாதி இலை காலி. இந்த வருஷம் கவாத்துக்கு முன்னால் அம்மாவே டார்ச்சோடு போய் ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார்கள், நான்கு கூடுகள் எண்ணினார்கள்.