பேஸ்பால் கனவுல தென்னாப்பிரிக்கால இருந்து அமெரிக்கா கிளம்புன நம்ம பசங்க – நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

ரேண்ட்பர்க்வாசி:
ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்ல செக்யூரிட்டி வாசல்ல எனக்கு முன்னாடி ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், முதுகுல மாட்டுன பைல பேட் துருத்திக்கிட்டு நிக்குது, ஆபீசர் இது கேபினுக்குள்ள போகாதுன்னுட்டார். செக்-இன் கவுண்டர் மூடியாச்சு. பையன் ஓடிப்போய் வெளிய நின்ன அவங்க ஆயா கைல பேட்டைக் கொடுத்துட்டு வந்தான், அந்தம்மா சேலை முந்தானையால அதைத் துடைச்சுக்கிட்டே "பார்த்துப் போ கண்ணு"ங்கிறாங்க, இவன் "யெஸ் ஆயா"ங்கிறான். கிளவுஸ மட்டும் விடல. உள்ள பந்தை வச்சு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். எங்கடான்னேன், ஃப்ளோரிடால ட்ரையலாம். எங்க ரேண்ட்பர்க் ஏரியால இது புதுசில்ல, கிஃப்ட் ங்கோபேங்கிற பிளேயர் வளர்ந்ததே இங்க பேஸ்பால் கிளப் கட்டடத்துல ஒரு ரூம்ல, அம்மா அங்கதான் வேலை பார்த்தாங்க. 2017 ஏப்ரல்ல அமெரிக்கால பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமுக்கு இறங்கி, முதல் தடவை பேட் பிடிச்சு நின்னப்பவே ஜான் லெஸ்டர் பந்துல ஹிட். ஆப்பிரிக்கால பிறந்து, அமெரிக்காவோட உச்ச லீக்கான மேஜர் லீக் ஆடுன முதல் ஆள். ஆனா எனக்கு அவர் ஞாபகம் வரல, அந்த ஆயா பேட்டோட எப்படி டாக்சில ஏறியிருப்பாங்கன்னுதான் இன்னும் ஓடுது.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
போறவனைப் பார்த்தீங்க, திரும்பி வந்தவன் எங்க வீட்டுப் பின்னாடி இருக்கிற அவுட்பில்டிங்லதான் இருக்கான். வீட்டுக்காரரோட அக்கா மகன். பிட்சர், அதாவது பந்து எறியிறவன். முழங்கை தசைநார் கிழிஞ்சு, அதுக்குப் பதிலா வேற வச்சுத் தைக்கிற டாமி ஜான் ஆபரேஷன் ஆகி, உள்பக்கம் நீளமா தழும்பு. நான் பார்த்தது அவன் வந்த வாரம். வலது கைல பெல்ட் மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கு, சாயங்காலம் பின்சுவத்துல பழைய மெத்தையைத் தொங்கவிட்டு இடது கையால எறியிறான்! பந்து எங்கெங்கியோ போகுது, ஒண்ணு துளசி மாடத்துல பட்டுச்சு. மாமியார் விளக்கேத்துற நேரம் தொம் தொம்னு சத்தம், அவங்க திட்டுறாங்க, இவன் "சாரி ஆயா, ஒன் மோர்"ங்கிறான். நான் பாத்திரம் கழுவுறதை விட்டுட்டு ஜன்னல்லயே நின்னுட்டேன்.

கேப்டவுன்_கணக்கர்:
நானும் ஒருத்தனைப் பார்த்திருக்கேன், கிரவுண்ட்ல போனை நிறுத்தி வச்சுத் தன்னையே வீடியோ எடுத்துக்கிட்டிருந்தான். அது கிடக்கட்டும். ரேண்ட்பர்க்வாசி சார், ஒரே ஆளைக் காட்டி ஊரையே ஏமாத்தாதீங்க. ங்கோபே கையெழுத்துப் போட்டது 2008ல, மேல ஆடுனது 2017ல, நடுவுல முழுக்க கீழ்மட்ட மைனர் லீக். மேல மொத்தமே ரெண்டு சீசன்தான். 2021ல மைனர் லீக் டீமையே 120ஆ வெட்டிட்டாங்க, இடம் இன்னும் நெருக்கடி. 2023 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் அடிமட்ட லீக்ல வருஷ சம்பளம் 19,800 டாலர், அதுக்கு முன்னாடி 4,800! பெத்தவங்களுக்குச் சொல்றேன். நம்ம ஊர்ப் பையனுக்கு, டீமெல்லாம் முறை வச்சு ஆள் எடுக்கிற டிராஃப்ட் கிடையாது, 16 வயசுல இருந்து நேரா டீமே ஒப்பந்தம் போடலாம், அதனால ஏஜெண்ட்னு வர்றவன் எல்லாரும் ஏஜெண்ட் இல்ல, முன்பணம் கேட்டா அன்னிக்கே கதவைச் சாத்துங்க. அமெரிக்கக் காலேஜ்ல சேர்ந்துட்டா நம்ம பையனும் டிராஃப்ட் கணக்குக்குள்ள வந்துடுவான், சேர்றதுக்கு முன்னாடியே அதை யோசிங்க. ஆனா காலேஜ் வழிதான் நல்லது, கை போனாலும் டிகிரி மிஞ்சும். ஸ்கூல் கடைசிப் பரீட்சை, அந்த மெட்ரிக் மார்க்கை விட்டுடாதீங்க. பையன் வீசுறது ஒரு நாளைக்கு எத்தனை பந்துன்னு நோட்டு போட்டு எழுதுங்க, கோச் எழுத மாட்டார். விசா பேப்பர்...

பீனிக்ஸ்_தம்பி:
அங்கிள் போதும், இங்க யாரும் கோச்சிங் கிளாஸ் கேக்கல 😀 நான் ஆடுனவன். அந்த 4,800 காலத்து ஆள்தான். வீடு டீம் தரணும்ங்கிற ரூலே 2022ல வந்தது, எங்களுக்கு ஒரே ஃபிளாட்ல காத்தடிச்ச மெத்தை, டொமினிக்கன் பையன் சோறும் பீன்ஸும் ஆக்குவான், நான் அம்மா கொடுத்தனுப்புன மசாலாவைத் தூவுவேன், சண்டைபோட்டு வழிச்சுத் தின்போம். ஒரு நாள் காலைல அவனை மேனேஜர் கூப்பிட்டாரு. பத்து நிமிஷம் இருக்கும். அவன் திரும்பி வர்றதுக்குள்ள லாக்கர்ல ஒட்டியிருந்த பேரை ஒருத்தர் உரிச்சுட்டார், டேப்போட ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அவன் உள்ள வந்து அந்த ஓரத்தை நகத்தால சுரண்டி எடுத்துட்டு, ஷூவைப் பைல போட்டுட்டு, என்கிட்ட அரிசி மிச்சம் இருக்குன்னான். கணக்கர் அங்கிள், நீங்க சொன்ன நம்பர் எல்லாம் சரிதான். ஆனா தெரிஞ்சேதான் போனோம்.

ரேண்ட்பர்க்வாசி:
நான் யாரையும் ஏமாத்தல சார், பார்த்ததைச் சொன்னேன். அக்கா, உங்க மருமகன் இடது கைல இப்ப எப்படி?

சாட்ஸ்வொர்த்_அக்கா:
வேகம் இல்ல, ஆனா மெத்தைல படுது. சுவத்துல பெயிண்ட் உதிர்ந்துபோச்சுன்னு வீட்டுக்காரர் பிரஷ்ஷைக் கொடுத்து அவனையே அடிக்கச் சொல்லியிருக்கார், பாதிதான் அடிச்சிருக்கான்.