பேலோடுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அனுப்பியவர்: கெடுநாள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டியில் குடும்பத்தோடு நாள்கணக்கில் ஊர் சுற்றி, போன இடத்திலேயே தங்கி, சமைத்து, தூங்கி வருவதற்கு வண்டியை எப்படித் தயார் செய்வது என்று ஒரு கையேடு. மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். நாற்பது பக்கம், வெள்ளி மாலை கெடு. பாதிக்கு மேல் முடிந்தது. இழுப்பறை, குளிர்பெட்டி, இழுகூரை எல்லாம் தானாக வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது மூன்றே சொல்லில்: ஓவர்லேண்டிங் (மேலே சொன்ன ஊர்சுற்றல்தான்), பெட், பேலோட் (வண்டியில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது).

பெட் என்றால் படுக்கை அல்ல, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி. அதைத் 'தொட்டி' என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினோராம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் பிறந்தது: "தொட்டியில் தொட்டியை முன்சுவரை ஒட்டிப் பொருத்தவும்." தண்ணீர்த் தொட்டியைத்தான் சொல்கிறார்கள். காப்பாற்றுங்கள்.

---

அனுப்பியவர்: பழஞ்சுவடி

அம்மா, இதற்கா தயக்கம்? பிள்ளைகுட்டியோடு வண்டியில் நெடுந்தொலைவு போய், வழியில் தங்கி வாழ்ந்த கூட்டம் நம் இலக்கியத்தில் இருக்கிறதே! உப்பு வணிகர்களான உமணர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்கள் வண்டியைப் பாருங்கள். காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. அதாவது சமையலறை வண்டியிலேயே. "மகவுடை மகடூஉப் பகடுபுறம் துரப்ப" என்கிறார் புலவர். கைக்குழந்தைக்காரிதான் ஓட்டுநர். சிறுபாணாற்றுப்படையில் உமணரின் வண்டி வரிசையோடு வந்த மந்தி, அவர்கள் வீட்டுக் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. குடும்பச் சுற்றுலாவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர்கள் போன வழி "பதிபோகு நெடுநெறி". ஆகவே ஓவர்லேண்டிங் = நெடுநெறி. போகிறவர் நெடுநெறியர். வண்டி நெறிச்சகடம். முடிந்தது.

---

அனுப்பியவர்: சேறாடி

> வண்டி நெறிச்சகடம். முடிந்தது.

ஐயா, பத்து வருடமாக இதே மாதிரி வண்டியில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு சுற்றுகிறேன். என்னை யாராவது நெடுநெறியர் என்று கூப்பிட்டால், சாமியார் ஆகிவிட்டேனோ என்று என் அம்மா அழுவார். நெறி என்றால் இப்போது ஒழுக்கம்தானே? 'வண்டிப் பயணம்' போதும்.

---

அனுப்பியவர்: நூற்பா

வண்டிப் பயணம் போதாது, சேறாடி. அலுவலகம் போவதும் வண்டிப் பயணம்தான்.

முதலில் மூலச்சொல்லைப் பார்ப்போம். இதில் ஓவர் என்பது 'மேல்' அல்ல. 'மேல்நிலப் பயணம்' என்று யாரோ எங்கோ எழுதியதைப் பார்த்து ஒரு வாரம் மனம் சரியில்லை. கடல்வழியாக அல்லாமல், நிலத்தைக் குறுக்காகக் கடந்து என்பதே பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தைகளை மாதக்கணக்கில் நடத்திக்கொண்டு போனவர்களை ஓவர்லேண்டர் என்றார்கள். கேனிங் மந்தைவழி என்று அங்கே ஒன்று உண்டு, ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். 1906இல் அதை அளக்கப் போனார்கள். இன்று அந்த வழியில் மாடு போவதில்லை, நம் சேறாடி போன்றவர்கள்தான் போகிறார்கள்.

என் முன்மொழிவு 'நிலங்கடப்பு'. தொழிற்பெயர், ஐயமில்லை.

---

அனுப்பியவர்: சேறாடி

அம்மா, நிலங்கடப்பு என்றதும் யாரோ என் நிலத்தைத் தாண்டி வேலி போட்டது போல இருக்கிறது. வழக்கு எண் என்ன?

---

அனுப்பியவர்: திருகாணி

கொஞ்சம் தள்ளி நின்று ஒன்று சொல்கிறேன். பட்டறையில் லாரிக்குப் பின்பகுதி செய்வதை எல்லோரும் 'பாடி கட்டுறது' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கில பாடிதான். ஆனால் தமிழிலும் பாடி இருக்கிறது, படை தங்கும் இடம், பாடிவீடு. தங்குவதற்காக வண்டியின் பாடியை மாற்றுகிறோம். ஆக வண்டியைத் தயார் செய்வது 'பாடி கட்டுதல்', வண்டி 'பாடிவண்டி'. இரண்டு பக்கமும் பொருந்துகிறதே!

விளையாட்டாகத்தான் எழுதுகிறேன். முழுக்க விளையாட்டும் இல்லை.

---

அனுப்பியவர்: பழஞ்சுவடி

திருகாணித் தம்பி, வாழ்க! முல்லைப்பாட்டில் முள்வேலி வளைத்த பாசறையைப் "படுநீர்ப் புணரியின் பரந்த பாடி" என்கிறது. அதே பாட்டில் கூடாரம் அடிப்பதும் வருகிறது: "கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை". படு, பாடு, பாடி. ஆநிரை படுக்கும் இடம் ஆயர்பாடி. மனிதர் படுக்கும் வண்டி பாடிவண்டி. நெறிச்சகடத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

---

அனுப்பியவர்: நூற்பா

பழஞ்சுவடி ஐயா, நீங்களா? பஸ் என்று எழுதியவரை மூன்று நாள் விரட்டியவர், ஆங்கிலச் சொல் தமிழ்ச் சொல்போல ஒலித்தால் வாசலில் கோலம் போட்டு வரவேற்கிறீர்கள். இது ஒலி ஒப்புமை, வேர் ஒப்புமை அல்ல. 'பாடிவண்டி' என்று படித்தவர் பாட்டுப் பாடும் வண்டி என்று நினைப்பார், அதற்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது.

---

அனுப்பியவர்: சேறாடி

"கயிறு வாங்கு" என்றால் கடையில் போய்க் கயிறு வாங்கச் சொல்கிறார்களா?

---

அனுப்பியவர்: நூற்பா

இழுத்துக் கட்டுவது. அங்கே வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல். கேலிக்குக் கேட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் படிப்பவர்களுக்காக.

---

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

நண்பர்களே, இழை பத்து மடலைத் தாண்டிவிட்டது. கேட்டவருக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. நன்னூல் 462ஐ, அதாவது பழையன கழிதலை, யாரும் இதற்குமேல் எடுத்துக்காட்ட வேண்டாம். தனிமடலில் எனக்கு ஏற்கெனவே ஐந்து முறை வந்துவிட்டது.

---

அனுப்பியவர்: சேறாடி

சரி, இப்போது விளையாட்டில்லை. ஓவர்லேண்டிங்கை என்ன சொன்னாலும் யாருக்கும் கை கால் போகாது. பேலோட் அப்படி அல்ல. கெடுநாள், அதை என்ன என்று எழுதியிருக்கிறீர்கள்?

---

அனுப்பியவர்: கெடுநாள்

இப்போதைக்குச் 'சுமை வரம்பு'. அகராதி ஒன்றில் 'பயன்சுமை' என்றும் பார்த்தேன். ஏன்?

---

அனுப்பியவர்: சேறாடி

நான் முதல் பயணத்தில் செய்த கூத்தைச் சொல்கிறேன். என் வண்டியின் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ, வெறும் வண்டி 2,050. ஆக 950 கிலோ ஏற்றலாம். நானும் ஒரு தாள் போட்டு எழுதினேன். பின்னால் இரும்புக் கூண்டு, கூரைக் கூடாரம், இழுப்பறைகள், முன்பக்க வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி), இரண்டாவது பேட்டரி, குளிர்பெட்டி, கூடுதல் டீசல், நூறு லிட்டர் தண்ணீர் (அதுவே நூறு கிலோ), கருவிகள், துணிமணி. கூட்டினால் 890. அறுபது கிலோ மிச்சம் என்று மகிழ்ந்து, ஒரு நாற்காலி செட்டையும் தூக்கிப் போட்டேன்.

பிறகு நாங்கள் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தோம். ஐவரும் சேர்ந்து 230 கிலோ.

அன்றிரவு முகப்பு விளக்கு சாலையில் விழவில்லை, மரத்து உச்சியில் விழுந்தது. பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிவிட்டது. ஸ்டியரிங் காற்றில் மிதந்தது. மறுநாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், வரம்பைவிட 170க்கும் மேல் கூடுதல். யாரையும் குறை சொல்ல முடியாது. கையேட்டில் எண் சரியாகத்தான் இருந்தது. நான்தான் 'சுமை' என்று படித்துச் சாமானை மட்டும் எண்ணினேன். பெற்ற பிள்ளையை யார் சுமை என்று எண்ணுவார்கள்?

---

அனுப்பியவர்: திருகாணி

மிகச் சரி. பேலோட் என்பதில் ஆள்களும் அடங்குவர். நாம் பின்னாளில் பொருத்தும் கூண்டு, வின்ச், கூடாரம் எல்லாமே அடக்கம். பின்னால் வண்டி இழுத்தால் கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் சேரும். இன்னொரு சிக்கல், ஐரோப்பிய முறையில் வெறும் வண்டி எடையிலேயே ஓட்டுநர் கணக்கில் 75 கிலோ சேர்த்துவிடுவார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. மூலத்தில் எந்த முறை என்று பார்த்து எழுதுங்கள்.

மொத்தத்தில் வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் வரம்பு தனி. கனமானதை அச்சுக்குப் பின்னே தள்ளினால் வண்டி சீசாப் பலகை மாதிரி முன்னால் எழும். தண்ணீரை முன்சுவரை ஒட்டித் தாழ்வாக வைக்கச் சொல்வது அதனால்தான்.

---

அனுப்பியவர்: பழஞ்சுவடி

சேறாடி, உங்கள் கதையை ஔவையார் எப்போதோ பாடிவிட்டார். புறநானூறு 102: "எருதே இளைய நுகமுணராவே, சகடம் பண்டம் பெரிதுபெய்தன்றே". எருதுகள் இளையவை, வண்டியிலோ பண்டம் அதிகம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று அஞ்சித்தான் உமணர்கள் அடியில் ஒரு சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டு போகிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

வண்டியில் ஏற்றுவதற்கு அவர் சொன்ன வினை 'பெய்'. எனவே 'பெய்சுமை'.

---

அனுப்பியவர்: கெடுநாள்

ஐயா, பாட்டு அருமை, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் பெய்சுமை 950 கிலோ என்றால் மழை அளவு என்று நினைப்பார்கள். சுமையும் வேண்டாம் என்றுதானே இப்போது முடிவானது?

---

அனுப்பியவர்: நூற்பா

பேலோட் என்ற சொல் பிறந்ததே கூலி கிடைக்கும் சரக்கு என்ற பொருளில். அப்படிப் பார்த்தால் 'கூலிச்சுமை'. சேறாடியின் பிள்ளைகள் கூலி தரமாட்டார்கள் என்பதால் விட்டுவிடுவோம்.

என் யோசனை: ஏறு + எடை = ஏறெடை. ஆளும் ஏறுவார், பொருளும் ஏறும். ஏறிய, ஏறுகின்ற, ஏறும் எடை என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை.

---

அனுப்பியவர்: திருகாணி

ஏறெடை என்றால் மருத்துவர் என்னிடம் சொல்வது. 'உங்கள் எடை ஏறுகிறது' என்பார். ஏற்றெடை?

---

அனுப்பியவர்: நூற்பா

ஏற்று என்பது பிறவினை. ஒருவர் மற்றொன்றை ஏற்றுவது. மூட்டையை ஏற்றலாம். மனைவி தானே ஏறுவார், நீங்கள் ஏற்ற மாட்டீர்கள். எந்தப் பிழையைத் திருத்தப் புறப்பட்டோமோ அதே பிழை பின்வாசல் வழியாக வருகிறது.

---

அனுப்பியவர்: சேறாடி

கடைக்குட்டியை நான்தான் ஏற்றுகிறேன். அவன் தானாக ஏறியதே இல்லை.

என் வாக்கு ஏற்றெடைக்கு. கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: 'ஆள்கள், சாமான், வண்டியில் பொருத்தியவை எல்லாம் சேர்த்து.'

---

அனுப்பியவர்: திருகாணி

இன்னொன்று. கூரைக் கூடாரப் பக்கத்தில் ஸ்டாட்டிக், டைனமிக் என்று இரண்டு எண் இருக்கும். நிறுத்திய வண்டியில் கூரை தாங்குவது அதிகம், ஓடும்போது குலுக்கலும் திருப்பமும் சேர்வதால் தாங்குவது மிகக் குறைவு. அறுபது கிலோக் கூடாரத்தை ஓடும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதற்குள் நால்வர் படுப்பதை நிற்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மாற்றி எழுதினால் ஒன்று யாரும் கூடாரம் வாங்கமாட்டார்கள், அல்லது கூரையில் மூட்டையோடு மலை ஏறுவார்கள். 'நிலைச்சுமை' என்று எழுதிவிடாதீர்கள், கட்டடக்காரர்கள் கட்டடத்தின் சொந்த எடையை நினைக்கக்கூடும்.

---

அனுப்பியவர்: கெடுநாள்

'வண்டி நிற்கும்போது', 'வண்டி ஓடும்போது' என்றே எழுதிவிட்டேன். கலைச்சொல் இல்லை. மன்னிக்கவும்.

---

அனுப்பியவர்: நூற்பா

மன்னிப்பு எதற்கு? இந்த இழையிலேயே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான். ஏற்றெடைக்கு என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும்.

---

அனுப்பியவர்: கெடுநாள்

வெள்ளி மாலை 5.40. அனுப்பிவிட்டேன்.

ஓவர்லேண்டிங் 'நெடுவழிப் பயணம்' ஆனது. நெறியில் பாதி ஐயாவுக்கு, வண்டியில் பாதி சேறாடிக்கு, யாருக்கும் முழுதாக இல்லை. பேலோட் 'ஏற்றெடை வரம்பு', சேறாடியின் வரியோடு. பெட் தொட்டியாகவே இருக்கிறது. தண்ணீருக்கு மட்டும் பெரும்பாணாற்றுப்படையின் 'கலன்' எடுத்துக்கொண்டேன்: "தொட்டியில் தண்ணீர்க் கலனை முன்சுவரை ஒட்டிப் பொருத்தவும்." மேலே மூடுவது 'கூண்டு', கூண்டு வண்டி தெரியாதவர் இல்லை. பாடிவண்டிக்கு இரண்டே வாக்கு, அதில் ஒன்று திருகாணியுடையதா என்றுகூட உறுதியில்லை.

எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

---

அனுப்பியவர்: பழஞ்சுவடி

அம்மா, நீங்கள் பகிர்ந்த வரைவை இப்போதுதான் முழுதும் படித்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்றே விட்டிருக்கிறீர்களே? அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்ற தெருப் பெயரில் 1904இல் தொடங்கிய சக்கரக் கம்பெனியின் பெயர். அந்த ஊர்க்காரரே அதை மறந்துவிட்டார்கள், நாம் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். ஔவையார் வாயால் 'சேம' என்று கிடைத்திருக்கிறது. சேமச் சக்கரம்! இந்த ஒன்றையாவது மாற்றக் கூடாதா?

---

அனுப்பியவர்: சேறாடி

ஐயா, நடுக்காட்டில் இரவு பதினோரு மணிக்கு டயர் வெடித்தால் என் வாயில் ஸ்டெப்னிதான் வரும்.

---

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

ஸ்டெப்னிக்குத் தனி இழை தொடங்கவும்.