மாகாண சபை இல்லாத காலத்தில் சட்ட ஆக்கத்திலும் உள்ளூர்ச் சேவையிலும் பொதுமக்கள் எவ்வாறு பங்குபற்றுவது?

கேள்வி: நிலையச் செயலாளர்

வணக்கம். இலங்கையின் வட மாகாணக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் செயலாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரின் வெள்ளவாய்க்கால் மூன்று வீதிகளை ஊடறுத்துச் செல்கிறது. மாரி தொடங்கியதும் மதகடியில் நீர் தேங்கி வீடுகளுக்குள் புகுகிறது. முறையிடச் சென்ற இடமெல்லாம் அது தங்கள் பொறுப்பில் இல்லை என்றே பதில் தருகிறார்கள்.

இதற்கெனக் கூட்டிய பொதுக்கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே அந்தப் பக்கம் பார்ப்பதில் பயனில்லை, 2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்டத்திலேயே முழுக் கவனத்தையும் செலுத்த வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். மாகாண நியதிச்சட்டங்கள், அதாவது மாகாண சபை ஆக்கும் சட்டங்கள், இயற்றப்படும்போது மக்களின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும், அதற்கான கோரிக்கையை இப்போதே எழுத வேண்டும் என்பது மற்றவர்களின் நிலைப்பாடு. எங்களிடம் ஆள்பலம் குறைவு. எதை முதலில் கையில் எடுப்பது?

பதில்: ஓய்வுநிலைச் சபை அலுவலர்

ஐயா, முதலில் பிரதேச சபை என்றே சொல்வேன். ஆனால் அதற்கு முன்னர் அந்த வாய்க்காலின் உரிமையைத் துண்டு துண்டாகப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. ஏனைய உள்வீதிகளில் பெரும்பாலானவை உள்ளூராட்சி மன்றத்துக்குரியவை. வாய்க்கால் வயற்பரப்போடு தொடர்புபட்டிருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் உள்ளே வரும். பிரதேச செயலகம் என்பது மத்திய அரசின் நிர்வாக அலுவலகம், பிரதேச சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் மன்றம் என்ற வேறுபாடு தெரியாமல் மனுக்கள் மாறிச் செல்வதையும் என் சேவைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். எனவே மூன்று வீதிகளுக்கும் மூன்று நிறுவனங்கள் பொறுப்பாக இருப்பது முற்றிலும் சாத்தியம்.

வரவுசெலவுத் திட்டத்தில் காலம்தான் முக்கியம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் ஆண்டு முடிவதற்குள் சபை அதனை நிறைவேற்றியாக வேண்டும். வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் அந்த நேரத்தில் ஒதுக்கீடுகள் ஏறக்குறைய முடிவாகிவிட்டிருக்கும். தவிசாளரும் செயலாளரும் வேலைகளைத் தெரிவு செய்யும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலேயே உங்கள் முன்மொழிவு எழுத்தில், வரைபடத்தோடு, வட்டார உறுப்பினரின் ஒப்பத்தோடு சபைக்குச் சென்றிருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. இந்த வாய்ப்பை மிகச் சிலரே கேட்டுப் பெறுகிறார்கள். வடிகால் தொடர்பான குழுவில் ஓர் இடம் கிடைத்தால், பத்து மனுக்களால் முடியாத வேலை அங்கே நடக்கும்.

பதில்: சட்ட மாணவி

மேலே ஐயா கூறிய நடைமுறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மாகாண சபை இல்லை என்பதற்காக அந்தக் கோரிக்கையையே ஒத்திவைக்க வேண்டும் என்ற முடிவு எனக்குக் கவலை தருகிறது.

மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும், நியதிச்சட்டத்தை நிறைவேற்றும் முன்னர் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கடமை எதனையும் சபைகளுக்கு விதிக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் மக்களின் பங்குபற்றல் சபை உறுப்பினர்களின் வழியாகவே நடைபெறுகிறது. அந்தச் சபையே இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்கு 2012ஆம் ஆண்டில் வறுமை ஒழிப்புத் தொடர்பாகக் கொண்டுவரப்பட்ட திவிநெகும சட்டமூலம் சான்று. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரப்பட்ட விடயங்களைத் தொட்டதால் அதனை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வடக்கில் அப்போது சபை இருக்கவில்லை. ஆளுநர் தெரிவித்த கருத்து சபையின் கருத்தாக அமையாது என்றும் நீதிமன்றம் கூறியது. இன்றோ ஒன்பது மாகாணங்களிலும் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். ஒரு திணைக்களத்தின் முன்னுரிமைகளைப் பகிரங்கமாகக் கேள்விக்குட்படுத்தும் மன்றம் மாகாண மட்டத்தில் இல்லாமற் போனதற்கும், உங்கள் வாய்க்காலுக்கு எவரும் பொறுப்பேற்க மறுப்பதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 118ஆவது பிரிவு, மாகாணச் சட்டமன்றம் தன் சட்ட ஆக்கப் பணிகளில் மக்கள் பங்குபற்ற வழிசெய்தே ஆக வேண்டும் என்கிறது. மட்டாட்டியேலே என்ற பகுதியைக் குவாசுலு நட்டாலிலிருந்து கிழக்கு கேப் மாகாணத்துக்கு மாற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை, குவாசுலு நட்டால் சட்டமன்றம் மக்களிடம் விசாரணை நடத்தாமலே அங்கீகரித்திருந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் திருத்தத்தின் அந்தக் கூறு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இதனை முழுமையான வெற்றியாகக் காட்ட நான் விரும்பவில்லை. விசாரணைகள் நடத்தப்பட்ட பின்னர் அதே மாற்றம் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. மெராபொங் என்ற நகராட்சிப் பகுதி தொடர்பான வழக்கில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் மாகாண மாற்றம் நிகழ்ந்தது. கருத்துக் கேட்கப்பட்டதே போதுமானது என்று 2008இல் நீதிமன்றம் கூறியது. ஆயினும் போராட்டங்கள் ஓயாததால் 2009இல் அந்தப் பகுதி மீண்டும் கௌடெங் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. கருத்துக் கேட்பது மக்களுக்கு முடிவை நிராகரிக்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது. ஆனால் ஆட்சியாளர்கள் தங்கள் காரணங்களை மக்கள் முன்னால் வந்து சொல்லியாக வேண்டிய நிலையை அது உருவாக்குகிறது.

நம் நாட்டிலும் உள்ளூராட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தத் தவறியமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே இன்றுள்ள பிரதேச சபைகள் அமைந்தன. கேட்டுப் பெறப்பட்ட சபைகள் அவை என்பதை மறக்கக் கூடாது.

பதில்: மாதர் சங்க உறுப்பினர்

ஒரு விடயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மக்கள் பங்குபற்றல் என்று கூறும்போது கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருந்தும், ஊர்க்கூட்டம் மாலையில் வைக்கப்படும்போது சமையலும் பிள்ளைகளின் படிப்பும் எங்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. அன்றாடக் கூலிக்குப் போவோர் பகற்கூட்டத்துக்கு வர முடியாது. வெள்ளம் முதலில் புகுவது பெரும்பாலும் இவர்களுடைய தாழ்நிலக் காணிகளுக்குள்தான். வாய்க்கால் ஓரத்து வீடுகளுக்கு நீங்களே நேரிற் சென்று, எந்த இடத்தில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். முன்மொழிவின் முன்னுரிமை வரிசை அந்தப் பதிவிலிருந்து பிறக்க வேண்டும்.

நிலையச் செயலாளர்

மூவருக்கும் நன்றி. பிரதேச சபைக்கான முன்மொழிவையும் மாகாண மட்டக் கோரிக்கையையும் தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைப்பதாக நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. வீடு வீடாகச் செல்லும் பணியை மாதர் சங்கத்தோடு சேர்ந்து செய்வோம். வீதிகளின் உரிமையை எழுத்தில் பெறுவது எப்படி? வாய்மொழியாகக் கேட்டால் எவரும் உறுதியாகச் சொல்வதில்லை.

ஓய்வுநிலைச் சபை அலுவலர்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று நிறுவனங்களின் தகவல் அலுவலர்களுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். வீதியின் பெயர், தரம், பராமரிப்புப் பொறுப்பு, மதகை இறுதியாகத் திருத்திய ஆண்டு, அதற்கான செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டாம், ஏனெனில் ஆவணத்தில் உள்ளதைத்தான் அவர்கள் தர முடியும். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று முடிவு கூற வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை மறவாமல் வாங்கி வையுங்கள். மாகாணத் திணைக்களம் தரும் பதிலை சட்ட மாணவியான சகோதரி கூறிய மாகாண மட்டக் கோரிக்கையுடன் இணைத்து ஆளுநர் செயலகத்துக்கும் பிரதம செயலாளருக்கும் அனுப்பலாம்.