10 வருட ஏசி, மூன்று முறை கேஸ் போட்டாயிற்று: காயில் மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

கடலோரவாசி

வணக்கம். திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீடு, மேலே மொட்டை மாடி. அம்மாவின் அறை 12க்கு 11 அடி. அதில் 2016இல் வாங்கிய 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, 3 ஸ்டார், இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தை மாற்றும் வகை) இல்லாதது, ஆர்22 கேஸ்.

போன வருடம் மார்ச்சில் குளிர் குறைந்தது, கேஸ் போட்டோம். ஆகஸ்டில் மறுபடி. இந்த மார்ச்சில் மூன்றாவது முறை. இப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை, இன்டோரில் ஐஸ் கட்டி, ஓடி ஓடி நின்று, கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. அம்மாவுக்கு 74 வயது, மூச்சுத்திணறல் உண்டு. வெயில் ஏறினால் இரவில் தூக்கமே இல்லை. அதனால் இதை நாள் கடத்த முடியாது.

வழக்கமாக வரும் மெக்கானிக் இன்டோர் காயிலில், அதாவது கேஸ் ஓடும் சுருள் குழாயில், ஓட்டை என்கிறார். காயில் 11,500, கேஸ் 3,200, ஆக 14,700 ரூபாய்.

கடையில் கேட்டால் கதை வேறு. 5 ஸ்டார் இன்வெர்ட்டர் 43,500 என்று போர்டில் இருந்தது. பில் போடச் சொன்னதும் பொருத்த 1,500, அவுட்டோர் ஸ்டாண்ட் 900, பழையதைக் கழற்ற 800, வயரும் டிரெயின் பைப்பும் 950, ஸ்டெபிலைசர் 3,600, கூடுதல் வாரண்டி 3,900. இதோடு காப்பர் பைப். எங்களுக்கு 8 மீட்டர் வேண்டும், ஏசியோடு 3 மீட்டர்தான் வரும், மீதி 5 மீட்டருக்கு மீட்டர் 950 வீதம் 4,750. பழைய ஏசிக்கு 3,000 கழித்து மொத்தம் 56,900. "சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பையே மாட்டிவிட்டால் 52,150இல் முடியும், கரண்ட் பில்லில் இரண்டே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்கிறார்.

எது சரி? பழைய பைப்பை வைத்துக்கொள்ளலாமா?

ரேவதி_பெரம்பூர்

கரண்ட் கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வருடத்தில் எத்தனை மாதம், ஏசியின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் எத்தனை வாட், இரண்டு மாத ஈபி பில் எத்தனை யூனிட்? இந்த நான்கையும் சொல்லுங்கள்.

கடலோரவாசி

இரவு 9 மணி நேரம், ஏறக்குறைய 8 மாதம். தகட்டில் 1,650 வாட் என்று இருக்கிறது. பில் கோடையில் 900 யூனிட்டைத் தாண்டுகிறது.

ரேவதி_பெரம்பூர்

சரி. 9 மணி நேரம், 240 நாள், அதாவது 2,160 மணி. கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால் அதில் 70 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 2,500 யூனிட். நல்ல இன்வெர்ட்டர் அதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும் என்றே கொள்வோம், 830 யூனிட். உங்கள் பில் இருக்கும் படியில் யூனிட்டுக்குச் சுமார் 10 ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன். வருடம் 8,300 ரூபாய்.

பழுது பார்க்க 14,700, புதிதுக்குக் குறைந்தது 52,150. வித்தியாசம் 37,450. அதை 8,300ஆல் வகுத்தால் நாலரை வருடம் வருகிறது. இரண்டு வருடம் இல்லை. மிச்சம் உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பி அவசரமாக வாங்க வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். 2026 ஜனவரியில் ஸ்டார் அளவுகோலை இறுக்கியிருக்கிறார்கள். அதே 5 ஸ்டார் ஒட்டியிருந்தாலும் போன வருடச் சரக்கும் இந்த வருடச் சரக்கும் ஒன்றில்லை. லேபிளில் ஐஎஸ்இஇஆர் என்று ஒரு எண் இருக்கும், அது கூடக் கூடக் கரண்ட் மிச்சம், அதை ஒப்பிடுங்கள். அதன் கீழே போட்டிருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. உங்கள் வீட்டில் அதைவிட அதிகம் ஓடுகிறது.

மடிப்பாக்கம்_குடியிருப்பு

பைப் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதில் நொந்துபோனவன். 2023இல் புது ஏசி வாங்கினேன், சுவருக்குள் இருந்த பழைய பைப்பிலேயே மாட்டினார்கள். நான்கு மாதத்தில் கேஸ் போய்விட்டது. கம்பெனியிலிருந்து வந்தவர் "இன்டோரும் அவுட்டோரும் நன்றாக இருக்கின்றன, பைப் உங்களுடையது, அது வாரண்டியில் வராது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். கேஸுக்கும் புது பைப்புக்கும் சேர்த்து 9,000 செலவு. முதலிலேயே போட்டிருக்கலாம்.

அப்புறம், விலையைப் பழைய ஞாபகத்தில் ஒப்பிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பேசும்போது வரி சேர்த்த விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பர்கை

தம்பி, நான் 18 வருடமாக இந்த வேலை செய்கிறேன். காயிலா புதிதா என்ற பேச்சு அப்புறம். கேஸ் எங்கே போகிறது என்று யாராவது பார்த்தார்களா?

ஏசிக்குள் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை. மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் மூன்று முறை கேஸ் போட்டது பணத்தைக் காற்றில் விட்டதுதான். அந்த மெக்கானிக் காயில் ஓட்டை என்று எதை வைத்துச் சொன்னார்? சோப்பு நுரை வைத்தாரா? நைட்ரஜன் ஏற்றினாரா?

கடலோரவாசி

எதுவும் செய்யவில்லை அண்ணா. "கடல் பக்கத்தில் எல்லாருக்கும் காயில்தான் போகும்" என்றார்.

காப்பர்கை

அவர் சொல்வதில் பாதி உண்மை. உப்புக் காற்றில் காயில் சீக்கிரம் போகும், நானே நிறைய மாற்றியிருக்கிறேன். ஆனால் உங்களுக்கும் அதுதான் என்பது ஊகம். ஊகத்துக்கு 14,700 கொடுக்காதீர்கள்.

இப்படிச் செய்யச் சொல்லுங்கள். இன்டோர், அவுட்டோர், நடுவில் இருக்கும் பைப், மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அடைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் ஏற்றி, மீட்டரில் காட்டும் அழுத்தத்தைக் குறித்துவைத்துவிட்டு, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் எதில் முள் இறங்கியிருக்கிறதோ அங்கே ஓட்டை. ராத்திரி குளிரில் எல்லாமே கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓட்டை இருந்தால் தெளிவாக இறங்கும். நுரையெல்லாம் அதற்கு முன்பு, பைப்பை இன்டோரோடும் அவுட்டோரோடும் சேர்க்கும் ஃபிளேர் நட் நான்கிலும் வைத்துப் பார்க்க. பல வீட்டில் அந்த நட்டை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும்.

முக்கியமான ஒன்று. நைட்ரஜன் இல்லை என்று சொல்லி யாராவது ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். உள்ளே கம்ப்ரசர் ஆயில் இருக்கிறது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கும். இதில் உயிரே போயிருக்கிறது. அதே மாதிரி, ஆர்22 விலை கூடிவிட்டது, அதற்குப் பதில் விலை குறைந்த வேறு கேஸ் போடுகிறேன் என்பார்கள். அது பெரும்பாலும் எரிவாயு வகை. அதற்கென்று செய்யாத மெஷினில், அம்மா தூங்கும் அறையில், அதைப் போட விடாதீர்கள்.

ஓட்டை எங்கே என்பதை வைத்து முடிவு எடுங்கள். இன்டோர் காயிலில் என்றால், 10 வருட ஆர்22 மெஷினுக்கு 11,500 போட வேண்டாம், புதிது வாங்குங்கள். ஆர்22 போட்டு இங்கே புது ஏசி செய்வது 2024 கடைசியோடு நின்றுவிட்டது. 2030ஐ நோக்கி இந்தக் கேஸும் குறைந்துகொண்டே போகும், ஸ்பேரும் அப்படித்தான். அவுட்டோரில் என்றாலும் அதே பதில். பைப்பில் என்றால் மட்டும் மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரேவதி_பெரம்பூர்

கூடுதல் வாரண்டி 3,900க்கு எழுதித் தரச் சொல்லுங்கள், காயிலும் கேஸும் அதில் வருமா என்று. நான் பார்த்த ஏசிகளில் கம்ப்ரசருக்கு 10 வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும், காயில் என்ற வார்த்தையே இருக்காது. கடல் பக்கத்து வீட்டில் முதலில் போகக்கூடியதே அதுதானே. அது வராத வாரண்டிக்குப் பணம் கொடுப்பதில் பலன் இல்லை. ஸ்டெபிலைசரையும் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வரை தாங்கும் என்று மேனுவலில் இருக்கும். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குள் நின்றால் 3,600 மிச்சம்.

கடலோரவாசி

வேறு ஒருவரைக் கூட்டிவந்து காப்பர்கை அண்ணா சொன்னபடியே செய்யச் சொன்னேன். 1,200 கேட்டார். நட்டுகளில் நுரை வரவில்லை. நேற்று சாயங்காலம் மூன்றிலும் நைட்ரஜன் ஏற்றி, மீட்டரில் அழுத்தம் 250 வைத்துவிட்டுப் போனார். இரவு அம்மாவை ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்தோம்.

காலையில் இன்டோர் 248, அவுட்டோர் 247. பைப் 90.

காயிலில் ஒன்றுமே இல்லை. சுவருக்குள் போகும் பைப்பில்தான் ஓட்டை. 14,700 கொடுத்துக் காயில் மாற்றியிருந்தாலும் ஜூனில் மறுபடி இதே நிலைமைதான். புது ஏசி வாங்கிக் கடைக்காரர் சொன்ன 52,150 வழியில் போயிருந்தாலும் அதே ஓட்டைப் பைப்பில்தான் மாட்டியிருப்பார்கள். நினைத்தாலே பதறுகிறது.

காப்பர்கை

சுவரை உடைக்காதீர்கள் தம்பி. பெரும்பாலும் உள்ளே ஒட்டுப்போட்ட இடமாக இருக்கும், தேடிப் பிடித்து அடைத்தாலும் இன்னொரு இடத்தில் விடும். அந்தப் பைப்பை அப்படியே செத்ததாக விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புதிது ஓட்டுங்கள். நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக. இன்சுலேஷன் இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக, வெளியே வெயில் படும் இடத்தில் மேலே டேப். நல்ல கனமுள்ள பைப்பாகக் கேளுங்கள். இப்போது வரும் ஆர்32 கேஸ் ஏசிகளில் அழுத்தம் ஆர்22ஐவிட ரொம்ப அதிகம். மெலிசான பைப் போட்டால் பின்னால் புது ஏசிக்கு உதவாது.

கேஸ் ஏற்றுவதற்கு முன் வேக்கம் பம்ப் போட்டு அரை மணிக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். அவுட்டோர் வால்வைத் திறந்து கொஞ்சம் கேஸ் விட்டு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றும் ஈரமும் உள்ளே நின்றால் கம்ப்ரசருக்குத்தான் கேடு. கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள், எத்தனை கிராம் என்று தகட்டிலேயே இருக்கும். பைப் நீளமாக இருந்தால் அதற்குத் தக்கபடி கொஞ்சம் கூடும்.

கடலோரவாசி

வேலை முடிந்து மூன்று நாள் ஆகிறது. 8 மீட்டர் பைப் 7,600, சோதனை 1,200, கேஸ் 3,200, கிளாம்ப், டேப், கூலி எல்லாம் சேர்த்து 2,000. ஆக 14,000. பம்ப் 40 நிமிடம் ஓடியது, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எடை மெஷினும் கொண்டுவந்திருந்தார்.

25இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் அம்மா போர்வை கேட்கிறார். இரண்டு வருடத்தில் இப்போதுதான் விடியும்வரை தூங்குகிறார். உங்கள் எல்லாருக்கும் நன்றி, காப்பர்கை அண்ணாவுக்குத் தனியாக.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அவுட்டோர் மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. தகரத்தில் ஒரு கூண்டு செய்து மூடலாமா?

காப்பர்கை

கூண்டு வேண்டாம். வெளியே தள்ளும் சூட்டுக் காற்றைத் திரும்பத் தானே இழுத்துக்கொள்ளும், கரண்டும் கூடும், கம்ப்ரசரும் சூடாகும். மேலே மட்டும் இரண்டு அடி உயரத்தில் ஒரு நிழல் போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், மெட்ரோ தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.