ஒரே வினைக்கு இரண்டு சமன்பாடுகள்: எது சரி, ஏன்?

வணக்கம் நண்பர்களே. மூன்று நாட்களாக ஒரு கணக்கு என்னை விடவில்லை.

அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டும் (MnO₄⁻) ஹைட்ரஜன் பெராக்சைடும் (H₂O₂) வினைபுரிகின்றன. எலக்ட்ரான் ஏற்பையும் இழப்பையும் தனித்தனியே காட்டும் அரைச் சமன்பாடுகளை எழுதினேன். பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான்களை ஏற்கிறது. பெராக்சைடு 2 எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜன் ஆகிறது. முதலாவதை 2 ஆலும் அடுத்ததை 5 ஆலும் பெருக்கிக் கூட்டினால், 2 பெர்மாங்கனேட், 5 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனிகள் சேர்ந்து 2 மாங்கனீசு அயனிகள் (Mn²⁺), 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் (O₂), 8 நீர் தருகின்றன. இதுவரை சிக்கல் இல்லை.

என் தங்கை அரைச் சமன்பாடு எழுதாமல், அணுக்களையும் மின்சுமையையும் மட்டும் எண்ணிச் சமன் செய்தாள். அவளுக்குக் கிடைத்தது: 2 பெர்மாங்கனேட், 1 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனிகள், வலப்பக்கம் 2 மாங்கனீசு அயனிகள், 3 ஆக்சிஜன் மூலக்கூறுகள், 4 நீர். நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். இருபுறமும் 10 ஆக்சிஜன் அணுக்கள், 8 ஹைட்ரஜன், மின்சுமை நேர் 4. ஒரு பிழையும் இல்லை!

முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தேன். மிஞ்சியது 4 பெராக்சைடு உடைந்து 4 நீரும் 2 ஆக்சிஜனும் ஆவது மட்டுமே. அதாவது பெராக்சைடு தானாகச் சிதையும் வினை உள்ளே கலந்திருப்பதால்தான் விடைகள் பலவாகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இது சரிதானா?

இன்னொன்று: வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது என்பதைச் சோதனையில் எப்படி நிறுவுவது? "விதி அப்படி" என்று தங்கையிடம் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் படிப்படியாக விளக்கினால் பேருதவியாக இருக்கும்.