28 நாளுக்கு ஓர் ஊசி: பாட்டி மறுக்கிறார், என்ன செய்வது?

மதுரைக்காரி:
ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ருமாட்டிக் இதய நோயை, அதாவது ஸ்ட்ரெப் என்ற கிருமியின் தொற்றுக்குப் பின் இதய வால்வு கெடுவதை, நம் ஊரில் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில், பழங்குடிக் குழந்தைகளிடம் இவ்வளவு பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அந்தத் தொற்று திரும்ப வராமல் தடுக்க 28 நாளுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். நேற்று ஒன்பது வயதுச் சிறுமி ஊசியைக் கண்டதும் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள். பாட்டி, "இனி வரமாட்டோம்" என்கிறார்.

பாலைவன அக்கா:
அந்த ஊசியில் இருக்கும் பென்சாத்தீன் பென்சிலின் கெட்டியான மருந்து, உள்ளே இறங்கும்போது வலியில் உயிர் போகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போட்டுவிடாதே தங்கச்சி. குளிர் போகட்டும். குத்துமிடத்தைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, மிக மெதுவாக ஏற்று. பாட்டிக்குச் சிக்கல் மருந்தில்லை, நாம்தான். எத்தனை புது நர்ஸைப் பார்த்திருப்பார்! பழங்குடிச் சுகாதாரப் பணியாளரோடு வீட்டுக்கே போ. ஊசியை எடுத்துப் போகாதே.

கறார் கந்தன்:
மாதம் ஓர் ஊசி போட்டுக்கொள்ள வலிக்கிறதா? அரசு இலவசமாகத்தானே தருகிறது?

பாலைவன அக்கா:
வலிக்கிறது ஐயா. பத்து வருடம் மாதாமாதம் நீங்கள் போட்டுக்கொள்வீர்களா? நான் போன ஒரு வீட்டில் இரண்டு அறை, பதினான்கு பேர், குளியலறைக் குழாய் உடைந்து கிடந்தது. தொண்டையிலும் தோலிலும் ஸ்ட்ரெப் கிருமி தங்காமல் என்ன செய்யும்? இந்நாட்டின் மற்ற மக்களிடம் இந்நோய் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. வால்வு கெட்டால் அறுவைக்குச் சுமார் 1,500 கி.மீ. தள்ளி அடிலெய்டு போக வேண்டும்.

மதுரைக்காரி:
போய் வந்தேன் அக்கா. தேநீர் கொடுத்தார்கள். சிறுமி என் கண்ணாடி வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தவணைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வியாழக்கிழமை அழைத்து வருவதாகப் பாட்டி சொன்னார்.